ஏற்பு நிலுவையில்

என் அண்ணன் சிஜோவின் படகு கடலில் எங்கே இருக்கிறது என்பது மும்பையில் ஒரு கம்ப்யூட்டருக்குத் தெரியும். நாகர்கோவிலில் என் முன்னால் இருந்த கம்ப்யூட்டருக்குத் தெரியாது. மேற்கே ஓர் ஊரில் ஒரு மனிதர் ஒரு பொத்தானை அமுக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

எங்கள் ஊர் மீனவர் சங்கத்துப் படகுகளில் இடங்காட்டும் கருவி வைத்தது நான் வேலை பார்க்கும் கம்பெனி. படகு நிற்கும் இடமும் அந்த நேரமும் செயற்கைக்கோள் வழியாக மும்பையில் உள்ள கிளவுடுக்குப் போகும். அங்கே சங்கத்துக்கென்று வேலி போட்ட ஒரு நெட்வொர்க் இருந்தது. மேற்கே உள்ள சங்கமும் வேறு கம்பெனியை வைத்து இதையே செய்திருந்தது. அடுத்தடுத்த வீடுகள்தான், ஆனால் ஒன்றிலிருந்து மற்றதற்கு வாசல் கிடையாது. எங்கள் ஊர்ப் பையன்கள் பலர் அவர்கள் படகில்தான் தொழிலுக்குப் போகிறார்கள். சிஜோவும் இங்கே முதலாளியோடு சண்டை போட்டுவிட்டு அங்கே போனவன். அதனால்தான் இரண்டையும் இணைக்க நாயாய் அலைந்தேன்.

எங்கள் சங்கத் தலைவர் சிலுவைதாசனிடம் இரண்டு வழி சொன்னேன். ஒன்று, நடுவில் ஓர் இணைப்பு மையம். அதற்கு மாத வாடகை உண்டு. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று அவரவர் அங்கே தீர்மானித்துக்கொள்ளலாம். இன்னொன்று, நேரே வாசல் வெட்டுவது. அதற்கு வாடகையே இல்லை. நான் விண்ணப்பம் அனுப்ப வேண்டும், அவர்கள் ஏற்க வேண்டும்.

“சும்மா கெடைக்கும்போ வாடகை எதுக்கு மக்கா? நேரே வெட்டு.”

“ஒரு விசைப்படகு ஒரு நாள் குடிக்கிற டீசல் காசுகூட வராது பெரியப்பா.”

“அப்பம் நீ குடுக்கியா?”

ஊர்த் திருவிழா வாணவேடிக்கைக்கு அள்ளிக் கொடுக்கும் கை அது. இதற்கு மட்டும் விரியவில்லை.

மேற்குச் சங்கத்துச் செயலாளர் ராஜமணி வேறு மாதிரி. மரியாதையாக உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மறுத்தார்.

“நேரே வாசல் வச்சா எங்க மீன்பாடு உள்ள எடமெல்லாம் ஒங்க ஆளுவ கண்டுபிடிச்சிர மாட்டானுவளா? எங்கப்பன் எனக்கே சாவப்போற சமயத்துலதான் சொன்னாரு. அந்த நடு ஏற்பாட்டப் போடுங்க, நான் சம்மதிக்கேன்.”

நேர் வாசலிலும் வேண்டியதை மட்டும் திறந்துவிட்டு மற்றதைப் பூட்டலாம் என்றேன். “சாவி செஞ்சவளே சொன்னா எப்பிடி நம்ப?” என்று சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

இருந்தாலும் விண்ணப்பத்தை அனுப்பினேன். திரையில் ‘ஏற்பு நிலுவையில்’ என்று நின்றது. ஒரு வாரத்தில் அது தானே காலாவதியாகும். மறுபடி அனுப்பினேன். அதுவும் காலாவதியானது.

பிறகு புயல் வந்தது. ரப்பர் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து மேற்கே போகும் ரோடெல்லாம் அடைபட்டுவிட்டது. அந்தப் பக்கம் கரண்டும் நெட்டும் போய், ஒரு ஃபோனும் எடுக்கவில்லை. எங்கள் ஆபீசில் ஜெனரேட்டர் ஓடியது. எங்கள் சங்கத்துப் படகுகள் ஒவ்வொரு புள்ளியாகக் கரை திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிஜோவின் மனைவி லீமா நனைந்த சேலையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அவிய எங்க நிக்கியாவன்னு பாத்துச் சொல்லுட்டி.”

“அது அவங்க நெட்வொர்க்குல இருக்கு மைனி. நம்மளுக்குத் தெரியாது.”

“நீ படிச்சதே இதுக்குத்தானே?”

அவள்மேல் எரிந்து விழுந்தேன். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர்களுக்கு வேலை செய்துகொடுத்த கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். பாஸ்வேர்டு எல்லாம் செயலாளர் கையில், நாங்கள் உள்ளே போக முடியாது என்றார்கள். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்தே இன்னொரு விண்ணப்பம் அனுப்பினேன். ஏற்பு நிலுவையில்.

ரோடு திறந்ததும் ராஜமணியே பைக்கில் வந்துவிட்டார். லேப்டாப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு கட்டியிருந்தார். “எது மக்கா, எத அமுக்கணும்?” என்று கேட்டார். பொத்தானைக் காட்டினேன், அமுக்கினார். புது வாசல் வழியே தகவல் வருவதற்கான வழித்தடத்தை எழுதினேன். அவர்களுடைய படகுகள் என் திரைக்கு வந்தன.

சிஜோவின் படகு, எஞ்சின் நின்றுபோய் நங்கூரம் போட்டதுபோல, புயலுக்குப் பிறகும் ஒரு பகல் முழுவதும் ஒரே இடத்தில் கிடந்திருக்கிறது. அந்தப் பகலிலேயே அதை ஒட்டி எங்கள் படகு ஒன்றின் தடம் போனது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான், ஆனால் மழை மூடிக்கிடந்த நேரம். வயர்லெஸ்ஸில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் திருப்பியிருப்பார்கள்.

ராஜமணி திரையையே பார்த்தார். “இது எங்க எடம்லா. எங்கப்பன் சொன்ன எடம்.”

“எங்களுக்கும் இதுதாம்ல எடம்,” என்றார் எனக்குப் பின்னால் நின்ற சிலுவைதாசன்.

லீமா இருவரையும் பார்க்கவில்லை. ஜெபமாலை சுற்றிய விரலால் சிஜோவின் புள்ளியைத் தொட்டாள்.

“இது நேத்தைக்குள்ள நேரத்தோட அப்பிடியே நிக்கி. கனெக்‌ஷன் சரியில்லியா ஜிஷா?”

நான் சரிபார்த்தேன். திரும்பவும் சரிபார்த்தேன். அவர்களுடைய மற்றப் படகுகள் இந்த நிமிடத்து நேரத்தோடு வந்துகொண்டிருந்தன. கனெக்‌ஷனில் ஒரு குறையும் இல்லை.