ஹப்சாவை விட்டு உங்களை ஏன்?

கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் உமர் பாரூக்கின் மகள் ஹப்சாவும், வெள்ளிமலையில் கூலி வேலைக்குப் போகும் சின்னக்கண்ணுவின் மகள் நிர்மலாவும் பி.காம். ஒரே வகுப்பு. சென்னையில் ஒரு பெரிய ஆடிட் நிறுவனம் இருவரையும் கடைசிச் சுற்று நேர்காணலுக்கு அழைத்திருந்தது. பஸ்ஸில் நிர்மலா நன்றாகத் தூங்கினாள். ஹப்சாவோ யூடியூபில் பார்த்து மனப்பாடம் செய்த பதில்களை உளுந்தூர்பேட்டை தாண்டியும் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

அங்கே இருவர் இருவராக உள்ளே கூப்பிட்டார்கள். ஒரே கல்லூரி என்பதால் இவர்கள் சேர்ந்தே போக நேர்ந்தது. நிறுவனத்தின் பங்குதாரர் இளமாறன் முதலில் கணக்கியலில் கேட்டார். ஹப்சா பட்பட்டென்று சொன்னாள். நிர்மலாவுக்குச் சிலது வரவில்லை. "தெரியலைங்க சார்" என்று சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டாள்.

பிறகு இளமாறன் நிர்மலாவிடம், "எடம் ஒண்ணுதாங்க இருக்கு. ஹப்சாவ விட்டுட்டு உங்கள ஏன் எடுக்கணும்?" என்றார்.

நிர்மலா ஹப்சாவை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"கணக்குல ஹப்சா என்னவிட கெட்டி சார். இப்பவே பாத்தீங்க. ஆனா யாரு மனசும் நோவக்கூடாதுன்னு இருப்பா. காலேஜ்ல வாத்தியார் போர்டுல தப்பா போட்டுக்கினு இருந்தா, மொதல்ல கண்டுபுடிக்கிறது அவதான். என் காதுல சொல்லுவா. எழுந்து நின்னு கேக்கறது நானு. இந்த வேலைக்கு அப்பிடி ஆளு வேணும் இல்லீங்களா?"

ஹப்சாவுக்கு முகம் எரிந்தது. ஆனால் அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. போட்டிக்கு உட்கார்ந்திருப்பவளின் திறமையை முதலில் சொல்லிவிட்டு, குறையையும் வன்மமில்லாமல் சொல்ல இவளுக்கு எப்படி வாய் வந்தது என்றுதான் மலைப்பாக இருந்தது.

அதே கேள்வி அவளிடமும் வந்தது. மனப்பாடம் செய்தது தொண்டை வரை வந்தும் அதை விழுங்கிவிட்டாள்.

"அவ சொன்னது நெசம்தான் சார். ஆனா எழுந்து நின்னு கேக்கறதுக்கு முன்னாடி, தப்ப கண்டுபுடிக்க ஒரு ஆளு வேணுமே. அது நானு."

இளமாறன் சிரித்துவிட்டார்.

திரும்பும்போது பஸ் நின்ற இடத்தில் டீ குடித்தார்கள்.

"கோவமாடி?" என்றாள் நிர்மலா.

"ஆமா."

"பொய் சொல்லிட்டனா?"

"இல்ல. அதாண்டி கோவம்."

அடுத்த வாரம் நிறுவனத்திலிருந்து ஹப்சாவின் போனுக்கு அழைப்பு வந்தது. மலையில் சிக்னல் சரியாகக் கிடைக்காததால் நிர்மலா இவள் எண்ணையும் கொடுத்திருந்தாள். வேலை நிர்மலாவுக்கு. ஹப்சா கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

"மார்க்கு உனக்குத்தானம்மா ஜாஸ்தி?" என்று உமர் பாரூக்குக்கு ஆறவில்லை.

"மார்க்கு ஜாஸ்திதான் அத்தா. ஆனா அவ எடத்துல நான் இருந்தா, அவளப் பத்தி ஒரு நல்ல வார்த்த சொல்லியிருக்க மாட்டேன்."

சேதியை நிர்மலாவிடம் நேரில் சொல்லக் கிளம்பினாள் ஹப்சா. மகளை அவரே வெள்ளிமலை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

நிர்மலா அம்மாவோடு சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். சேதி கேட்டதும் மண்கையோடு எழுந்தவள், "உனக்கு இன்னா சொன்னாங்க?" என்றாள்.

"எனக்கு இல்லடி. சேலத்துல வேற கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கேன்."

"நான் கூட வரட்டா?"

"வா. ஆனா உள்ள வராத. வெளியவே குந்து" என்றாள் ஹப்சா. நிர்மலா வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.