கோட்டுக்கு உள்ளே

...சிறிலுக்கு அனுப்பிய செய்திக்கு இன்னும் ஒற்றைச் சரிதான், இரண்டாவது விழவில்லை, கப்பலில் இணையம் அப்படித்தான், வரும் போகும், இதற்கெல்லாம் பயப்படுகிறவள் கப்பல்காரனைக் கட்டியிருக்கக் கூடாது என்று தனக்கே சொல்லிக்கொண்டு ஐறீன் பாரை மீனைச் சுரண்டினாள், ஈரக் கையோடு மறுபடி போனைத் தொட்டாள், விடிய சிறில் அனுப்பிய குரல்... "பயப்பட ஒண்டுமில்லை ஐறீன், கோட்டுக்கு உள்ளால கொஞ்சம் வெட்டிப் போறம், ஒரு நாள் மிச்சம், றொட்டர்டாமில இறங்கி பிளேன் எடுத்தா திருநாளுக்கு வந்திடுவன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னான், பிறகு ஏன் கடைசியில் மூச்சு மட்டும் கேட்கிறது?

கோடு என்றால் என்னவென்று அவன்தான் போன லீவில் சாப்பாட்டு மேசையில் விரலால் கீறிக் காட்டினான், கிறீன்லாந்தில் பனிமேல் பனி விழுந்து, அமுங்கிக் கல்லாக இறுகி, தன் பாரத்திலேயே கடல்வரை நகர்ந்து வந்து உடைந்து விழுமாம், பிறகு நீரோட்டத்தோடு தெற்கே மிதந்து வருமாம், விமானத்திலும் செய்மதியிலும் பார்த்துத் தினமும் வரைபடம் அனுப்புவார்களாம், அதில் பனிமலைகள் மிதக்கும் எல்லையைக் காட்ட ஒரு கோடு, வெளியே சுற்றிப் போனால் பயமில்லை. பெரிய மலையை றேடார் பிடித்துவிடும், உருகித் தேய்ந்து வீடளவில் அலையோடு அலையாகக் கிடப்பதுதான் ஆளைக் கொல்லும், அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும் என்றான்... இங்கே கொட்டாஞ்சேனையில் வெயில் சுவரைச் சுடுகிறது, அங்கே இப்போது சாமம், சாமக் காவல் இரண்டாம் அதிகாரியான அவனுக்குத்தான், கண் விழித்திருப்பானா, பனிப்புகார் மூடினால் கண் இருந்தும் என்ன?

கீழ் வீட்டு நிக்கலஸ் அங்கிள், முப்பது வருடம் கப்பலில் கிடந்தவர், கறிவேப்பிலையோடு வந்தவரிடம் வாய் சும்மா இராமல் சொல்லிவிட்டாள், அவர் முகம் செத்துப்போயிற்று. "உள்ளாலயோ? ஜூன் மாசத்திலயோ? ஆர் பிள்ளை அப்பிடிப் போகச் சொன்னது?" "கப்டன்தான் அங்கிள்." அவர் கறிவேப்பிலையை வைத்துவிட்டுப் படியிறங்கினார். கப்டன்தானா? கப்டன் கையெழுத்து வைப்பவர், பாதையைக் கீறிக் கொடுப்பது சிறில் அல்லவா, சிறிலுக்கு யார் சொன்னது... டெங்குவில் பிள்ளை கண் செருகிக் கிடந்தபோது கொச்சிக்கடை அந்தோனியாருக்குத் தான் வைத்த நேர்த்தி, மகள் உயரத்துக்கு மெழுகுதிரி, தகப்பன் தோளில் அவள், திருநாள் சுற்றுப்பிரகாரப் பவனியில். லீவு பிந்தும் போல என்று அவன் சொன்ன அன்று, இவள்தானே போனில் கத்தினாள், "நீங்கள் வராட்டி, பிள்ளைக்கு ஏதும் வந்தா உங்களைத்தான் சொல்லுவன்!"

கத்தி கையிலேயே நின்றது. சேர்ச் அனுப்பிய சம்மனா அந்த நேர்த்தி, ஒரு வருடம் பிந்தினால் அந்தோனியார் கோபிப்பாரா, இதை ஏன் அன்றைக்கு யோசிக்கவில்லை, அவன் ஏன் மறுத்துப் பேசவில்லை? மாமி, சிறிலின் தாய், உள்ளேயிருந்து கேட்டாள், "போன் அடிச்சவனோ?" "இல்ல மாமி." போனில் ஒற்றைச் சரி. கையைக் கழுவி, அந்தோனியார் படத்தின் முன்னால் போய் நின்றாள், அவனைப் பத்திரமாகக் கொண்டு வந்து சேர்த்தால் என்று வாயெடுத்தாள், சேர்த்தால் என்ன தருவாள், என்ன நேர்வாள்... இன்னொரு நேர்த்தி வைக்க அவளுக்குப் பயமாக இருந்தது.