கிரேன்காரரின் மூன்று மணி

தன் வீட்டுக்காரர் கதை விடுகிறார் என்பதில் தையல்காரிக்கு இரண்டு வருஷமாக எந்தச் சந்தேகமும் இல்லை. அவர் டவர் கிரேன் ஓட்டுகிறவர். சமையலறை ஜன்னலில் நின்றால், எதிரே எழும்பிக்கொண்டிருக்கும் இருபது மாடிக் கட்டடமும், அதற்கும் மேலே அவருடைய கிரேனும், அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிக் கூண்டும் தெரியும். மதியம் மூன்று மணிக்குக் கீழே எல்லோருக்கும் தேநீர் இடைவேளை. இவர் மட்டும் ஒரு டீக்காக அத்தனை ஏணியும் இறங்கி ஏற முடியாது. மேலேயே பிளாஸ்கைத் திறந்து குடித்துக்கொள்வார். அந்த நேரத்தில் தினமும் வீட்டைப் பார்த்துக் கை ஆட்டுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் ஆட்டுறேன், நீயும்தான் ஆட்டுற. அப்புறம் இல்லவே இல்லைன்னு சாதிக்கிறியே!"

"நான் எங்கே ஆட்டினேன்? மூணு மணிக்கு நான் மெஷின்ல உக்காந்து காலர் தைச்சுக்கிட்டு இருப்பேன். காதுல பூ சுத்தாதீங்க."

"சரி, சரி. வெக்கம் போல."

இப்படித்தான் ஒவ்வொரு தடவையும் முடியும். அவளும் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். ஆனால் அந்த மாதம் சிரிக்க முடியவில்லை. கட்டடம் முடிந்துவிட்டது. பத்து நாளில் கிரேனைக் கழற்றப் போகிறார்கள். அடுத்த வேலை வேறு ஊரில். இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வர முடியும். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவர் வேலை செய்து அவள் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. வெளியாட்களை உள்ளே விட மாட்டார்கள். காலையில் தலைக்கவசத்தோடு போவார், சாயங்காலம் வாய் திறக்கத் தெம்பில்லாமல் வருவார். நடுவில் அந்தக் கூண்டில் இருக்கிற மனுஷனை அவளுக்குத் தெரியாது. கழற்றுவதற்குள் அந்த முகத்தைப் படம் பிடித்துவிட வேண்டும். கை ஆட்டுகிறாரா இல்லையா என்பதும் தெரிந்துபோகும். இல்லையென்று வாயால் சொன்னாளே தவிர, உண்மையாக இருக்க வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

கேமரா இருந்தது, தங்கை கொடுத்தது. லென்ஸைக் கழற்ற முடியாத டிஜிட்டல் கேமரா. முழுக்க ஜூம் செய்தாலும் கூண்டு கடுகளவுதான் விழுந்தது. ஜூமுக்கு முன்னால் திருகி மாட்டுகிற டெலி கன்வெர்ட்டர் என்று ஒன்று உண்டு, அதை வாங்கு என்றாள் தங்கை.

கேமராக் கடைக்காரர் கடை வைத்திருப்பது விற்பதற்கா விரட்டுவதற்கா என்று அந்தத் தெருவுக்கே சந்தேகம். கண்ணாடி மேசைமேல் மூன்று கன்வெர்ட்டர்களை வரிசையாக வைத்தார். ஒன்று ஒன்றரை மடங்கு இழுக்கும், அடுத்தது ஒன்றே முக்கால், மூன்றாவது இரண்டே கால். தையல்காரி யோசிக்கவே இல்லை. கை நேராகப் பெரியதன்மேல் போய் விழுந்தது. இரண்டு மீட்டர் துணி போதும் என்றால் இரண்டரை எடுக்கிறவள் அவள்.

"அது வேண்டாம்" என்றார் கடைக்காரர்.

"ஏன்? நல்லா இல்லையா?"

"லென்ஸ் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு வேண்டாம். கையில பிடிச்சுத்தானே எடுக்கப் போறீங்க?"

"என் கை ஆடாதுங்க. ஊசியில ஒரே தடவையில நூல் கோக்கறவ நான்."

அவர் பெரியதைக் கேமராவில் மாட்டிக் கொடுத்து, கடை வாசலுக்கு அனுப்பினார். தெருக்கோடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதில் ஒரு எண். அதைப் பத்துத் தடவை எடுக்க வேண்டும். பிறகு மற்ற இரண்டிலும் பத்துப் பத்து. பெரியதை மாட்டியதும் கேமரா மூக்கு குப்புற விழப் பார்த்தது. திரையில் தொட்டி ஒரு இடத்தில் நிற்காமல் ஊஞ்சலாடியது. பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தாள்.

முப்பது படங்களையும் கடைக்காரர் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். பெரியதில் எடுத்த பத்தும் கலங்கல். எட்டா மூன்றா என்றே தெரியவில்லை. சின்னதில் எல்லாம் தெளிவு, ஆனால் எண் பொடிசு. நடுவில் இருந்ததில் பத்துக்கு மூன்று படம் கத்தியில் நறுக்கிய மாதிரி இருந்தது. தையல்காரிக்கு முகம் விழுந்துபோயிற்று.

"என் கை ஆடிடுச்சா?"

"கை ஆடல அக்கா. மூச்சு ஆடுது. மூச்சு விடாம யாரு இருக்கா? படத்தைப் பெருசாக்குற லென்ஸ் ஆட்டத்தையும் சேர்த்துத்தான் பெருசாக்கும். அதுல ஆளு பார்க்காது."

"ஸ்டாண்டுல வச்சு எடுத்தா?"

"ஜன்னல்கிட்ட இடம் இருக்கா?"

இல்லை. ஜன்னலுக்குக் கீழே பாத்திரம் துலக்குகிற தொட்டி. அதன்மேல் வயிற்றை அழுத்திக்கொண்டுதான் நிற்கவே முடியும். அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. கழுத்தில் எப்போதும் தொங்கும் அளவு நாடாவை எடுத்தாள். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே மூன்றேகால் அங்குலம். திரை தைத்தபோது அளந்தது. பெரிய லென்ஸின் வாய் மூன்றரை. நடுவில் இருந்தது மூன்றுக்குள். கால் அங்குலம் பொய் சொல்லாது என்பது அவள் தொழில் பாடம்.

"ஒண்ணே முக்கால்தான்" என்றாள்.

"பத்துல மூணு தேறினா போதும். ஒருத்தரை எடுக்க ஒரு படம்தானே வேணும்?" என்றார் கடைக்காரர்.

அன்று அவர் விரட்டாத ஆள் அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். நின்று சொல்லிக் கொடுத்தார். ஜூமை முழுக்க இழுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் படத்தின் மூலையெல்லாம் கறுத்துவிடும். இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில் இருக்க வேண்டும், முழங்கைகள் விலாவில் ஒட்ட வேண்டும். ஷட்டர் வேகம் ஒரு விநாடியில் எண்ணூறில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. மூச்சைப் பாதி விட்டுவிட்டு, விட்டது நிற்கிற இடத்தில் அமுக்க வேண்டும். அத்தனையும் சொல்லிவிட்டு, "சரிவரலேன்னா திருப்பிக் கொண்டாங்க" என்றார். நன்றி சொல்ல வாயெடுத்தவளை, "வெயில் இருக்கறப்பப் போய் எடுங்க" என்று துரத்திவிட்டார்.

முதல் நாள் கம்பியில் சாய்ந்துகொண்டு எடுத்தாள். தெருவில் ஒரு லாரி போயிற்று, கம்பி அதிர்ந்தது, எல்லாம் பாழ். இரண்டாம் நாள் மேகம் மூடிக்கொண்டது. மூன்றாம் நாள் சரியாக மூன்று மணிக்கு, தொட்டியில் கிடந்த பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு, முழங்கைகளை ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பாதி விட்டு அமுக்கினாள். இருபத்திரண்டு படம். தரையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

பதினேழாவது படத்தில் அவர் இருந்தார். கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தலைக்கவசம் நெற்றிக்கு மேலே தள்ளியிருக்க, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். வாயெல்லாம் பல். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்து எத்தனை நாளாயிற்று! தையல்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு வருஷமாக உண்மையைச் சொன்ன மனுஷனைப் பொய்க்காரராக்கி வைத்திருந்தோமே என்று முந்தானையால் துடைத்துக்கொண்டு, மறுபடி பார்த்தாள்.

மூன்றாம் தடவை பார்க்கும்போதுதான் கவனித்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. முகம் இடது பக்கம் திரும்பியிருந்தது. பதினெட்டு, பத்தொன்பது, இருபதிலும் அப்படியே. இந்த ஜன்னலை விட்டுவிட்டு வேறெங்கோ பார்த்து, யாருக்கோ பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மூன்று மணிக்கு அவள் சமையலறையில் இல்லை. மாடிப்படி வளைவில் ஒரு ஜன்னல் உண்டு. அதிலிருந்து பக்கத்துக் கட்டடம் தெரியும். இவர்கள் கட்டடமும் அதுவும் ஒரே வரைபடத்தில் கட்டியவை, நிறம்கூட ஒன்றுதான். அதன் ஐந்தாம் மாடி ஜன்னலில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கிரேனைப் பார்த்து இடது கையை மெதுவாக, மிக மெதுவாகத் தூக்கி ஆட்டினாள்.

தையல்காரிக்கு முதலில் பற்றிக்கொண்டுதான் வந்தது. பிறகு விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். இவர்கள் வீடு ஐந்தாம் மாடி, அந்த இரண்டு கட்டடங்களில் இரண்டாவது. கீழே தெரு வழியாக வந்தால் இரண்டாவது. கிரேனில் இருந்து எதிர்ப்பக்கமாகப் பார்த்தால்? முதலாவது! அவர் அங்கிருந்தும் இரண்டாவதையே எண்ணியிருக்கிறார். நாள் முழுக்க இரும்பு உத்தரத்தை இம்மி பிசகாமல் இறக்குகிற மனுஷன், சொந்த வீட்டை இரண்டு வருஷமாகத் தப்பாக எண்ணிக்கொண்டிருக்கிறார். படிக்கட்டில் தனியாக நின்று அவள் சிரித்த சிரிப்பில், கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

ஆனால் அந்தப் பெண் ஏன் திருப்பி ஆட்ட வேண்டும்? கடைக்காரரிடம் போய் பதினேழாவது படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டு வாங்கிக்கொண்டு, நேரே பக்கத்துக் கட்டடத்துக்குப் போனாள். விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், அது எனக்கான கை என்று. படிகளில் ஏறும்போது அதைத்தான் ஒத்திகை பார்த்தாள்.

கதவைத் திறந்தவள் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாள். அவளுக்கு ஐம்பது வயதிருக்கும்.

"அக்கா, நான் பக்கத்துப் பில்டிங். அந்தக் கிரேன் ஓட்டுறவரோட சம்சாரம்."

அந்த அக்காவின் முகம் விளக்குப் போட்டது போலாயிற்று. "உள்ளே வாங்க, உள்ளே வாங்க! அவரு அனுப்பினாரா?"

தையல்காரி பதில் சொல்வதற்குள் அவளை நாற்காலியில் உட்கார வைத்தாயிற்று. அந்த அக்கா இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. தம்பி வீட்டில் இந்த ஜன்னலோரம் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்.

"டாக்டர் தினமும் கையைத் தூக்குங்கன்னாரு. யாருக்காகத் தூக்கறது? செத்தாத் தேவலைன்னு உக்காந்திருந்தேன். ஒருநாள் மேலேயிருந்து இவரு கையைக் காட்டினாரு. எதிர்ல வர்ற டிரைவர் கை காட்டினா நாம திருப்பிக் காட்டணும், அது ரோட்டுல எங்க வழக்கம். காட்டாமப் போனா மரியாதை இல்ல. அதனால தூக்கினேன். முதல்ல மடியை விட்டே எழும்பல. வலது கையால இதைப் பிடிச்சுத் தூக்கிக் காட்டினேன். அவரு ஒருநாளும் தவறல. நானும் விடல. இப்ப பாருங்க."

கையைத் தூக்கினாள். தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, தலைக்கு மேலே போயிற்று. விரல்கள் லேசாக நடுங்கின.

"ஊரு பேரு தெரியாத ஒருத்தர், எனக்காக. அவர்கிட்ட என் நன்றியைச் சொல்லணும்னு எத்தனை நாளா நினைச்சுக்கிட்டு இருக்கேன்."

ஒத்திகை பார்த்த வார்த்தையைத் தையல்காரி கைவிட்டாள். இரண்டு வருஷம் தான் காலர் தைத்துக்கொண்டிருந்த நேரத்தில், விழுந்துபோன கையைத் தூக்கித் தன் கணவருக்குப் பதில் சொன்னவள் இவள். அவர் சிரித்த அந்தச் சிரிப்பு இவள் கொடுத்தது. பையிலிருந்து படத்தை எடுத்தாள்.

"நீங்க நன்றி சொல்றதாவது! அவருதான் சொல்லச் சொன்னாரு. இது உங்களுக்குத்தான் அக்கா."

பஸ்காரக்கா படத்தை முகத்துக்கு அருகில் பிடித்துப் பார்த்தாள். "இவ்வளவு சிரிப்பாரா!" என்றாள். பிறகு, "வேலை முடிஞ்சிடுச்சு போலிருக்கே" என்று மெதுவாகக் கேட்டாள். தையல்காரி தலையாட்டினாள்.

கடைசி நாள் மூன்று மணிக்கு இரண்டு பேரும் அந்த ஜன்னலில் நின்றார்கள். பஸ்காரக்கா நாற்காலியை வேண்டாமென்று தள்ளிவிட்டு, தையல்காரியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று ஆட்டினாள். மேலே கண்ணாடிக் கதவு திறந்தது, கை எழும்பியது, நடுவில் ஒரு நிமிஷம் அப்படியே நின்றது, பிறகு இரண்டு கையாலும் ஆட்டினார்.

சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"இன்னைக்கு உன் பக்கத்துல நின்னது யாரு?"

"பக்கத்துல நின்னது நான்தாங்க. நீங்க ரெண்டு வருஷமாக் கையாட்டினது அவங்களுக்கு."

எல்லாவற்றையும் சொன்னாள், எண்ணிக்கை தப்பினதிலிருந்து கை தலைக்கு மேல் போனது வரைக்கும். கேலி செய்யத் தயாராக வைத்திருந்ததையெல்லாம் அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாள். அவர் தலைக்கவசத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு மூணு மணிக்கு அவங்க யாருக்குக் கையைத் தூக்குவாங்க?"

"படிக்கட்டு ஜன்னல்ல நான் நிப்பேன்" என்றாள் தையல்காரி. "சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்."