சத்துக் குளிசை

மெல்போர்னுக்கு வந்த இரண்டாம் வருடம், 1974 இல், கமலினியின் கழுத்தில் இருந்த கட்டியை வெட்டி எடுத்தார்கள். "சும்மா கட்டிதான், இனிப் பயமில்லை" என்றார் கணவர் சிறிதரன். தினமும் விழுங்கச் சொன்ன மாத்திரையைச் சத்துக் குளிசை என்றார். டொக்டரும் மறுக்கவில்லை.

அடுத்த வருடம் உடம்பு தேறியது. இனிச் சத்து எதற்கு என்று கமலினி குளிசையை நிறுத்திவிட்டாள்.

சில கிழமைகளுக்குள் எல்லாம் மாறிப்போனது. உயர்பள்ளியில் கணிதம் படிப்பித்தவள், கரும்பலகையில் பாதிக் கணக்கோடு திகைத்து நின்றாள். கம்பளிச் சட்டைக்கு மேல் சட்டை போட்டும் குளிர் விடவில்லை. முகம் ஊதியது, குரல் கரகரத்தது. வேலையை விட்டுவிட்டு ஓய்வெடுக்கலாமே என்றார் பள்ளி அதிபர். விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, தனியாகவே டொக்டரிடம் போனாள்.

குளிசையை நிறுத்தியதைக் கேட்டு டொக்டர் பதறினார். "உங்கள் கணவரோடு வாருங்கள், பேசலாம்" என்றார்.

"கழுத்து என்னுடையது. என்னிடம் பேசுங்கள்."

அவள் எழும்பப் போவதில்லை என்று தெரிந்ததும் அவர் சொன்னார். அது புற்றுநோய். தைரொயிட் சுரப்பி முழுவதையும் எடுத்தாயிற்று. அது சுரந்ததைத்தான் இப்போது குளிசை தருகிறது. எங்காவது மிஞ்சியிருக்கும் புற்றுநோய்ச் செல்கள் வளராமல் அடக்கி வைப்பதும் அதுதான். ஆயுள் முழுக்க எடுக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் போனாள். சிறிதரன் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கான்சர் எண்டு உங்களுக்குத் தெரியும், என்ன?"

கோப்பையை வைத்துவிட்டார். "நீர் பயந்துபோவீர் எண்டுதான்..."

"பயந்தது நீங்கள். உங்கட பயத்துக்கு என்ர உயிரையெல்லோ வைச்சு விளையாடினனீங்கள்!"

அவர் கதிரையில் உட்கார்ந்து அழுதார். அன்றைக்கு அவள் தேற்றப் போகவில்லை.

மறுபடி குளிசை எடுக்கத் தொடங்கி உடம்பு சீரானதும், நண்பர் கணேசலிங்கம் வீட்டு விருந்துக்குப் போனார்கள். கழுத்தைச் சேலைத் தலைப்பால் மூடச் சொன்னார் சிறிதரன். அவள் மூடவில்லை.

"உதென்ன தழும்பு, பிள்ளை?" என்று கேட்டார் விருந்துக்கு வந்திருந்த ரஞ்சினி அன்ரி.

"கான்சர், அன்ரி. வெட்டி எடுத்தாச்சு."

யாரோ ஒருத்தி குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உது தொத்தாது," என்றாள் கமலினி. "பேரைச் சொன்னாலும் தொத்தாது." சொல்லிவிட்டு, சோற்றுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கினாள்.

அடுத்த முறை இருவருமாக டொக்டரிடம் போனார்கள். இரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சிறிதரனைப் பார்த்துத்தான் பேசத் தொடங்கினார். கமலினி தன் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டாள்.

"நான் பிள்ளை பெறலாமா?"

"பெறலாம். குளிசையை மட்டும் விடக்கூடாது," என்றார் அவர், இம்முறை அவளைப் பார்த்து.