ஊதா விளக்கு

கமலவேணி ஜன்னலோரம் நின்று யாஷிகா கேமராவை வலது கண்ணில் வைத்துக்கொண்டாள். லாரிப் பேட்டைக்கு அப்பால் செல்போன் டவர் ஒன்று நின்றது. கேமராவின் சாளரத்துக்கு நடுவே மஞ்சளாய் ஒரு சின்னக் கட்டம். அதற்குள் டவர் இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி வந்து ஒன்றின் மேல் ஒன்று படிய வேண்டும். படிந்தால் கேமரா நல்லது.

படியவில்லை. வளையம் கடைசிவரை போய் நின்றுவிட்டது. டவருக்குப் பக்கத்தில் இன்னொரு டவர் நிழல்போல் ஒட்டிக்கொண்டு நின்றது. கேமராவில்தான் கோளாறு என்று அதை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அதிலும் இரண்டு. மூன்றாவதிலும் இரண்டு. கேமராவை இறக்கி வைத்துவிட்டு, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வெறும் வலது கண்ணால் டவரைப் பார்த்தாள். அப்போதும் இரண்டாகத்தான் இருந்தது.

திரும்பிப் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை. மூன்று கேமராவுக்கும் 'சரி' என்று சீட்டு எழுதி, தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டு, பெட்டிக்குள் வைத்தாள்.

சங்ககிரியில், லாரி டயர்க் கடைக்கு மேல்மாடியில் நடந்தது அந்தப் பட்டறை. முதலாளி குமரகுரு. மூடிப்போன போட்டோ ஸ்டுடியோக்களில் கிடக்கிற ஃபிலிம் கேமராக்களை ஆத்தூர், கெங்கவல்லி, மோகனூர் என்று ஊர் ஊராகப் போய் மூட்டையாக வாங்கி வருவார். அவற்றைத் துடைத்து, பழுது பார்த்து, இணையத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்பார். அங்கேயெல்லாம் இளவட்டங்கள் மறுபடியும் ஃபிலிம் போட்டுப் படம் எடுக்கிறார்களாம். ஐந்து பெண்கள் வேலை பார்த்தார்கள். குமாரபாளையத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்த கமலவேணி இங்கே சேர்ந்து மூன்று வருசம். வந்தபோது கேமராவைக் கையால் தொட்டதில்லை. இப்போது எந்த நாட்டுக் கேமராவுக்கு என்ன சீக்கு வரும் என்று அவளுக்குத் தெரியும். ஜப்பான் யாஷிகாவில் பின்மூடிப் பஞ்சு உருகித் தார்போல் ஒட்டும். ரஷ்யாவின் ஜெனிட்டில் உள்ளே ஓடுகிற கறுப்புத் துணி பொத்தலாகும். இரட்டைக் கண் வைத்த ஜெர்மன் ரோலிகார்டில் கண்ணாடி மங்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கென்று பரோடாவில் செய்த ஆக்ஃபா கிளிக்கில் கெட்டுப்போக அதிகம் எதுவுமில்லை.

எல்லாவற்றுக்கும் பொதுவான சீக்கு பூஞ்சை. லென்ஸுக்குள் சிலந்திவலைபோல் படரும். மருந்து தொட்டுத் துடைத்த பிறகு, அது மறுபடி முளைக்காமலிருக்க ஊதா விளக்கின் கீழ் வைக்க வேண்டும். தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷினுக்குள் மாட்டுகிற குழல் விளக்கு அது. மூடி எதுவும் இல்லாமல் பலகையில் அடித்து வைத்திருந்தது. பத்து நிமிசத்துக்கு ஒருமுறை லென்ஸைத் திருப்பி, குனிந்து பார்க்க வேண்டும். காலையில் விளக்கு, மதியத்துக்கு மேல் ஜன்னல். இதுதான் கமலவேணியின் வேலை. விளக்கு எரியும்போது குமரகுரு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போவார்.

கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துவது முதல் வருசமே தொடங்கியது. மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டாள். இப்போது ஆறு மாதமாய் பஸ்ஸின் பெயர்ப்பலகை எட்ட இருந்தால் தெரிவதில்லை. எதிரே வருகிற லாரியின் விளக்கைச் சுற்றி வளையம் வளையமாய்ப் பூத்தது. கணவன் பூபதி போர்வெல் வண்டியில் சத்தீஸ்கர் போய் நாலு மாதம். போனில்கூட அவனிடம் சொல்லவில்லை. மகள் நித்யஸ்ரீ நர்சிங் இரண்டாம் வருசம். தறிக்குத் திரும்பலாமென்றால் அறுந்த இழையை எடுத்து முடிய அங்கேயும் கண்தான் வேண்டும்.

பக்கத்து மேசை சௌந்தர்யாவிடம் மட்டும் மெல்லக் கேட்டாள்.

"சௌந்தர்யா, சித்த இந்தக் கேமராவப் பாத்துச் சொல்லு சாமி. டவரு சேருதா?"

அவள் வாங்கிப் பார்த்தாள். "சேரலீங்கக்கா. நல்லா எட்டி நிக்குது."

கமலவேணி ஏற்கெனவே அதற்குச் சீட்டு எழுதியிருந்தாள். அதைக் கிழித்துப்போட்டாள். சௌந்தர்யா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து தன் வேலைக்கு நடுவே ஜன்னலுக்கு வந்து வந்து பார்த்துக் கொடுத்தாள். இப்படிப் பத்து நாள் ஓடியது. அதற்கு முன் போன கேமராக்களை யாரும் திருப்பி எடுக்க முடியாது. தபால்காரர் மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டாலே கமலவேணி வேலையை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தாள்.

புகார் ஒரு புதன்கிழமை வந்தது. குமரகுரு போனை அவள் முன்னால் நீட்டினார்.

"ஜெர்மனிக்காரன் அனுப்பியிருக்கான். பாருங்க்கா."

திரையில் ஏதோ ஒரு சுவர். அதற்கு முன்னால் கலங்கலாய் ஒரு உருவம்.

"தெரியுதா?"

"தெரியுதுங்கண்ணா."

"என்ன தெரியுது?"

அவள் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். "ஆளு... சரியா உளுவலீங்க."

"கொழந்தைக்கு ஃபோகஸ் வெச்சிருக்கான். பின்னாடி செவுத்துல இருக்கற செங்கல்ல எண்ணிப்போடலாம். கொழந்தை மூஞ்சியக் காணோம். இந்த மாதிரி மூணு கேமரா திரும்பி வருது. மூணுலயும் உங்க சீட்டு." அவர் குரல் உயரவில்லை. மேசையிலிருந்து ஒரு யாஷிகாவை எடுத்துக் கொடுத்தார். "இதப் பாத்துச் சொல்லுங்க."

கமலவேணி ஜன்னலுக்குப் போனாள். எல்லாரும் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டார்கள். கீழே டயர்க் கடையில் காற்றடிக்கிற சத்தம் கேட்டது. வளையத்தை மெதுவாகத் திருகினாள். எவ்வளவு தூரம் திருகினால் சேரும் என்பது மூன்று வருசத்தில் விரலுக்குப் பழகியிருந்தது. அந்த இடத்தில் நிறுத்தினாள். கட்டத்துக்குள் இரண்டா, மூன்றா, என்னவென்று பிரியவில்லை.

"சேந்துருச்சுங்கண்ணா."

குமரகுரு கேமராவை வாங்கிக்கொண்டார். "இது சேரவே சேராது. காலையில நாந்தான் உள்ள திருகாணியக் கழட்டி உட்டேன்."

கமலவேணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்காவுக்குக் கண்ணு தெரியலீங்கண்ணா," என்றாள் சௌந்தர்யா. "அந்த லைட்டுலயே உக்காந்து..."

"நீ உன்ற வேலையப் பாரு சாமி."

திட்டுவார், சீட்டைக் கிழித்து அனுப்பிவிடுவார் என்றுதான் கமலவேணி எதிர்பார்த்தாள். ஆனால் அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நாளைக்கே சேலத்துல காட்டிரலாம். செலவு எம்பொறுப்பு," என்றார்.

மறுநாள் அவருடைய காரிலேயே போனார்கள். கார் மகுடஞ்சாவடி தாண்டியது. அவர் கண்ணாடி வழியாகப் பின்சீட்டைப் பார்த்தார்.

"டாக்டருகிட்ட லைட்டு கிட்டுன்னெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க்கா. எழுதிப்போட்டாங்கன்னா ஆபீசருங்க வருவாங்க. பட்டறைய மூடச் சொன்னா நான் வேற தொழிலப் பாத்துக்குவேன். நீங்க அஞ்சு பேரும் எங்க போவீங்க?"

"சரிங்கண்ணா."

டாக்டர் வித்யா சிறு வயசுக்காரர். கமலவேணியின் மோவாயைக் கருவியில் பதிய வைத்து நெடுநேரம் பார்த்தார். மேலே பார், கீழே பார் என்றார். இடது கண்ணையும் பார்த்தார்.

"முப்பத்தொம்பது வயசுதானே ஆகுது? கண்புரை இவ்வளவு முத்தியிருக்கு. கருவிழியிலும் தழும்பு இருக்கு. வெல்டிங் வேலை செய்றீங்களா?"

"இல்லீங்க டாக்டர், தறி ஓட்டுனவங்க," என்றார் குமரகுரு. "இப்ப ஊட்டுலதான் இருக்காங்க."

"நான் அவங்களக் கேட்டேன்." டாக்டர் கமலவேணி பக்கம் திரும்பினார். "சொல்லுங்கம்மா. ஏதாவது விளக்குப் பக்கத்துல உக்காந்து வேலை செய்றீங்களா?"

கமலவேணியின் வாய்வரை வந்தது. பக்கத்து நாற்காலியில் குமரகுரு கார்ச் சாவியை விரலில் மாட்டி வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். போன வாரம்தான் சௌந்தர்யா தன் தம்பிக்கு ஐடிஐ-யில் இடம் கிடைத்திருப்பதாகச் சொல்லி எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தாள்.

"இல்லீங்க டாக்டர்."

டாக்டர் குமரகுருவை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுதினார். வலது கண்ணுக்கு உடனே ஆபரேசன். இடது கண்ணுக்கு ஆறு மாதம் கழித்து. "புரைய எடுத்துரலாம். தழும்பு தழும்புதான். நுணுக்கமான வேலைக்கெல்லாம் இனி இந்தக் கண்ணு ஒத்துழைக்காதும்மா."

ஆபரேசன் நன்றாகவே நடந்தது. ஒன்றரை மாதம் கழித்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, படியைக் காலால் தடவித் தடவிக் கமலவேணி பட்டறைக்கு ஏறிப் போனாள். குமரகுரு வாசலிலேயே பெட்டிகளுக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க்கா. இப்பத் தேவலையா?"

"தேவலைங்கண்ணா. பெட்டி கட்டற வேலையாச்சும் இருந்தாக் குடுங்க. வாரேன்."

"இருங்க, பாக்கலாம். நல்லா ஓய்வெடுங்க. ஆளு வேணும்னா நானே போன் பண்றேன்." அவர் நாடாவைக் கிழித்தார். "உள்ள போயி அவுங்களப் பாத்துட்டுப் போங்க. கேட்டுக்கிட்டே இருக்காங்க."

உள்ளே விளக்கடியில் சௌந்தர்யா உட்கார்ந்திருந்தாள். கண்ணோரம் சிவந்திருந்தது.

"வாங்கக்கா!"

"அந்த லைட்டப் பாக்காத சாமி."

"பாக்காம எப்படீங்கக்கா பூஞ்சை இருக்கறது தெரியும்?" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மணல் கொட்டுன மாதிரித்தான் இருக்குது. அண்ணனுகிட்டச் சொல்லியிருக்கறேன். பாக்கலாம்னாரு."

மேசையில் கறுப்பு வெல்வெட் துணி ஒரு சுருள் கிடந்தது. புதுசு.

"இதென்ன சாமி?"

"லைட்டு பட்டுக் கேமராத் தோலு வெளுத்துப் போகுதுன்னு கம்ப்ளெய்ண்ட் வந்துருச்சுங்க்கா. அண்ணன் ஈரோடு போயி வாங்கியாந்தாரு."

சொல்லிக்கொண்டே அவள் ஒரு ரோலிகார்டை எடுத்து, துணியை அளவாய் வெட்டி, தோல் எங்கேயும் வெளியே தெரியாமல் நாலு பக்கமும் சுற்றினாள். ஓரங்களை விரலால் நீவி, ஊசி குத்தினாள். அதை விளக்கடியில் சரியாக வைத்து, சுவிட்சைப் போட்டுவிட்டு, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்க் குனிந்து பார்த்தாள்.