சட்டம்பியின் இரை

"பாருங்க அத்தான். ஒரு மட்டமாவது பாருங்க," என்றாள் ஆர்த்திகா.

நீண்ட இடுக்கியின் நுனியில் ஒரு சுவர்க்கோழிப் பூச்சி காலை உதறிக்கொண்டிருந்தது. கண்ணாடித் தொட்டிக்குள், தேங்காய் நார்த்தூளில் பாதி புதைந்து, பணியாரம் போலக் குந்தியிருந்தது தவளை. திருவனந்தபுரத்துக் கடையில் அவள் வாங்கி வந்த வெளிநாட்டுத் தவளை. உடம்பில் பாதி வாய்தான். எதைக் கண்டாலும் ரவுடி மாதிரி முறைத்ததால், ரவுடிக்கு ஊர்ப்பக்கம் சொல்கிற சட்டம்பி என்ற பெயரையே வைத்திருந்தாள்.

ஹரிகுமார் மாடியறையின் நிலைப்படியைத் தாண்டவில்லை. முட்டைகூடப் புகாத சைவ வீடு அது. பூச்சி வாய்க்குள் போகிற நேரத்தில் அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"அது கண்ண மூடுததுக்குக் காரணம் இருக்கு. கண்ணு உள்ள இறங்கித்தான் இரையைத் தொண்டைக்குள்ள தள்ளும். நீங்க என்னத்த விழுங்கதுக்கு மூடுதிய?"

"பாவத்த. எனக்க பொண்டாட்டி செய்யுத பாவத்த."

அவள் சிரித்தாள். "அடுத்த வாரம் நான் டிரெயினிங் போவும்போ நீங்கதான் கொடுக்கணும், கேட்டியளா. ஒண்ணொண்ணா கொடுக்கணும். தின்னாம மிச்சம் கெடந்தா வெளிய எடுத்துரணும். இல்லேன்னா ராத்திரி பூச்சி தவளையக் கடிச்சுப்போடும்."

"ம்," என்றான், கண்ணைத் திறக்காமலே.

அவள் கையைக் கழுவிவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். தக்கலைக்கு முந்தின வளைவில், பாறைப்பொடி ஏற்றிவந்த டாரஸ் லாரி அவளை அடித்துப்போட்டது.

பிறகு வீடு சொந்தபந்தங்களால் நிறைந்தது. இரணியலில் கட்டிக்கொடுத்திருந்த அவன் அக்கா அழகியநாயகி வந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டாள். மாடியில் தவளை பட்டினி கிடக்கிறது என்று அவன் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவள் முகம் கறுத்தது.

"ஏலே, தீட்டு வீட்டில ஒரு உசுரக் கொல்லப்பிடாது. பதினாறு கழியட்டு. சுட்ட சூடு ஆறல்ல, அதுக்குள்ள இவன் தவக்களைக்கு ஊட்டப் போயிட்டான்னு ஊருல பேசணுமா?"

அவனுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. ஆனால் ஒருநாள் மாடிக்குப் போனவன், சட்டம்பியின் விலா ஒட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டான். ஆர்த்திகா விட்டுப்போனதில் மூச்சு விடுவது அது ஒன்றுதான்.

அன்று அந்தியில் அக்கா விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது மெல்ல மேலே ஏறினான். ஆர்த்திகா சுவர்க்கோழி வளர்த்த பிளாஸ்டிக் வாளியைத் தூக்கி, தொட்டியின் மேல் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினான். கைப்பிடி அளவுக்குப் பூச்சிகள் பொலபொலவென்று விழுந்தன. மூடியைப் போட்டு, அவளுடைய தோர்த்துத் துண்டையும் மேலே போர்த்தினான். தன் கையால் எதையும் கொல்லவில்லை; தவளை தின்றால் அது தவளையின் பாடு. இரண்டு பக்கமும் பாவம் ஒட்டாத வழி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட நிம்மதியோடு கீழே வந்து, கால் கழுவித் திருநீறு பூசிக்கொண்டான். பிறகு அந்தத் தோர்த்தை விலக்கிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தைப் பற்றிப் பேச மாமனார் தாணுலிங்கம் பத்மநாபபுரத்திலிருந்து வந்தார். பேசி முடித்தும் எழுந்திருக்கவில்லை.

"பிள்ளைக்க தவள சுகமா இருக்கா மக்கா?"

"நல்லா இருக்கு மாமா. நான் பாத்துக்கிடுதேன்."

"ஒருக்க பாக்கட்டா? தெனம் போன்ல அந்தக் கததான் சொல்லுவா."

ஹரிகுமார் முன்னால் படியேறினான். மாடியில் அவரே தோர்த்தை எடுத்தார். சட்டம்பி மூலையில் ஒடுங்கியிருந்தது. அதன் இடது இமை கிழிந்து சிவந்திருந்தது. முதுகில் ஒரு சுவர்க்கோழி சொந்தத் தோட்டத்தில் உலாத்துவதுபோல ஊர்ந்துகொண்டிருந்தது.

தாணுலிங்கம் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "மிச்சத்த எடுத்துரணும்னு எனக்கே நூறு மட்டம் சொல்லியிருக்கா. உன்கிட்ட சொல்லல்லியா?"

"சொல்லல்ல மாமா."

எப்படி வந்தது அந்தச் சொல் என்று அவனுக்கே விளங்கவில்லை. நாக்கிலேயே காத்திருந்ததுபோல வந்துவிட்டது. கிழவர் தலையை ஆட்டினார். "மறந்திருப்பா. வேலைக்கு ஓடுத அவசரத்துல மறந்திருப்பா," என்று, மகளுக்காக மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்.

அவர் போனதும் ஹரிகுமார் தரையில் உட்கார்ந்து, தொட்டிக்குள் கையை விட்டுப் பூச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து வெளியே எடுத்தான். மறுநாள் அக்கா பார்க்கப் பார்க்கத் தவளையை டப்பாவில் வைத்து நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய் மருந்து வாங்கி வந்தான். அன்று முதல் இடுக்கியால் ஒவ்வொரு பூச்சியாக நீட்டவும் செய்தான். அக்கா பேசுவதை நிறுத்திக்கொண்டாள். அது பெரிதாகத் தெரியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் "மறந்திருப்பா" என்ற சொல்தான் சோற்றில் கல்லாகக் கடிபட்டது. செத்தவளால் இல்லை என்று சொல்ல முடியாது.

பதினாறு முடிந்தது. பந்தி எடுத்தபின் வேனுக்காகக் காத்துநின்ற தாணுலிங்கத்திடம் போய், "மாமா, ஒருக்க மாடிக்கு வரணும்," என்றான். அவர் மெல்லப் படியேறினார். என்னவோ ஏதோவென்று அக்காவும் பின்னால் வந்து நின்றாள்.

இடுக்கியில் ஒரு சுவர்க்கோழியைப் பிடித்துத் தொட்டிக்குள் நீட்டினான். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் தவளையைப் பார்த்தே சொன்னான்.

"அவ சொன்னா மாமா. கடைசி நாள் காலம்பறயும் சொன்னா. நான்தான் கண்ண மூடிட்டு நின்னேன். உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அக்கா, "ஏலே," என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். தாணுலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். மன்னித்தாரா என்பது அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் கூசியது.

"அவ மறக்க மாட்டா," என்றார் கடைசியில், தனக்குத்தானே.

இடுக்கி அசைந்தது. சட்டம்பி பாய்ந்து கவ்வியது. ஹரிகுமார் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றான்.

கிழிந்த இமை கொஞ்சம் கோணலாகத்தான் கூடியிருக்கிறது. ஆனாலும் விழுங்கும்போது சட்டம்பி இரண்டு கண்ணையும் மூடிக்கொள்கிறது.