வாய்க்குக் கட்டம் இல்லை

எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். பாகூரிலிருந்து மாட்டு வண்டியில் அரை மணி, அவ்வளவு போதும். யுத்த காலம். பிரெஞ்சுக் கொடி பறந்த அந்த ஊரில் ஆறு கட்டில் போட்ட ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே நான், சிவப்பிரகாசம், கம்பவுண்டர். டாக்டர் வியாழக்கிழமை மட்டும் வருவார். மற்ற ஆறு நாளும் கணக்கு வாத்தியார் உலகநாதன் வருவார். அதற்குத்தான் எங்களிடம் மருந்து இல்லை.

ஆஸ்பத்திரிச் செலவைக் குறைக்க வழி சொல்லும்படி பட்டணத்துத் துரைமார் அவரைக் கேட்டிருந்தார்கள். வாத்தியார் இரண்டு மாதம் லீவு போட்டு, பாய் அகலத் தாளில் கட்டம் கிழித்தார். மேலே எழுபது உணவுப் பொருள்கள், பக்கவாட்டில் ஓர் உடம்புக்கு வேண்டிய சத்துகள், அடியில் விலை. எந்தச் சத்தும் குறையக் கூடாது, விலை மட்டும் குறைந்துகொண்டே போக வேண்டும். அரிசியை அடித்தார், பருப்பை அடித்தார், மீனை அடித்தார். கடைசியில் மூன்று மிஞ்சின: ஒரு பிடி கேழ்வரகு, அகத்திக்கீரை, கடலைப் பிண்ணாக்கு. கப்பல் போக்குவரத்து நின்றுபோய்ப் பிண்ணாக்கு கேட்பாரற்றுக் கிடந்த சமயம் அது.

கணக்கில் பிழையில்லை. நானே இரண்டு முறை சரிபார்த்தேன். எனக்கு ஆத்திரமே அதனால்தான்.

சமையல்காரி தனக்கொடி தாளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இத்தினி கட்டம் போட்டுகிறீங்களே ஐயா, இதுல வாய்க்கு எந்தக் கட்டம்?"

"வாய் வெறும் வழி, தனக்கொடி. அதுக்கு எதுக்குக் கட்டம்?" என்றார் வாத்தியார்.

மூன்றாம் கட்டிலில் நரம்பைக் குப்பத்துக் குப்பு கிடந்தாள். பிரசவமாகி இருபது நாள், விடாத காய்ச்சல், பால் வற்றிவிட்டது. "இவள் சாப்பிட்டால் பால் வரும். பால் வந்தால்தான் பிள்ளை" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பிள்ளை பூனைக்குட்டி கனம்தான் இருந்தது. புருஷன் பக்கிரி கடலிலிருந்து மீன் கொண்டுவந்தான். வெளிச் சாப்பாடு வந்தால் கணக்குக் கெட்டுப்போகும் என்று வாத்தியார் அவனை வாசலோடு திருப்பி அனுப்பினார்.

முதல் நாள் ஆறு கிண்ணமும் தொடாமல் திரும்பின. வாத்தியார் 'வழங்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டார். தின்றார்களா என்று எழுத அவரிடம் இடமில்லை. அன்றிலிருந்து தனக்கொடி தினமும் பிண்ணாக்கைத் தவலையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தன் மாட்டுக்கு வைத்தாள். எலும்பும் தோலுமாக இருந்த மாடு அது. பத்தே நாளில் பால் இரட்டிப்பானது. அந்தப் பாலை விட்டுக் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி, காலையில் வாத்தியார் வருவதற்கு முன்பே ஆறு கட்டிலுக்கும் ஊற்றினாள்.

ஒரு மாதத்தில் நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். குப்புவுக்குப் பால் சுரந்தது. வாத்தியார் எல்லாரையும் நெல் தராசில் நிறுத்து, எடை ஏறியதைப் படமாக வரைந்து பட்டணத்துக்கு அனுப்பினார். துரைமார் வந்து அவருக்கு மாலை போட்டார்கள். உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது.

"சும்மா இருங்க கம்பவுண்டரய்யா. சொன்னா பிண்ணாக்கு நின்னுபூடும். அப்புறம் மாட்டுக்கு இன்னாத்த வைக்கிறது?" என்றாள் தனக்கொடி.

மாலை வாடுவதற்குள் வாத்தியார் மறுபடி கட்டம் கிழித்தார். கேழ்வரகை ஊறவைத்தால் போதும், கீரையைப் பச்சையாகத் தின்னலாம், பிண்ணாக்குக்கு அடுப்பு எதற்கு? அடுப்பு இல்லையென்றால் சமையல்காரி எதற்கு? தனக்கொடியை நிறுத்திவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என்னைப் போல முட்டாள் உண்டா?

வாத்தியார் வெட்கப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்தது.

"மாடு! அடடா, மாட்டை விட்டுட்டேனே!"

நாலு நாளில் புது விடை வந்தது. பிண்ணாக்கை மாடு தின்றால் பால். பாலைப் பாகூரில் விற்றால் வரவு. நோயாளிக்கு ஊற்றினால் நட்டம். ஆகவே மாடு வேண்டும், நோயாளி வேண்டாம். ஊரிலேயே ஒழுகாத கூரை ஆஸ்பத்திரிக்குத்தான், மாடு அங்கேயே இருக்கட்டும். துரைமார் முத்திரை குத்தி அனுப்பினார்கள். தனக்கொடியின் மாட்டை அதிகாரத்தோடு விலைக்கு வாங்கி, மூன்றாம் கட்டில் இருந்த இடத்தில் கட்டினார்கள்.

நடக்க முடிந்தவர்கள் நடந்தார்கள். ஆதிமூலம் என்ற கிழவரை மகன் வண்டியில் ஏற்றிப்போனான். பத்தாம் நாள் சாவுச் சேதி வந்தது. அதை எழுதவும் கட்டமில்லை. பக்கிரி குப்புவைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் நின்றான்.

"எங்கடா தூக்கிகினு போற? எங்க வூட்டு மாட்டுக் கொட்டாய் சும்மாதானே கீது" என்றாள் தனக்கொடி.

ஆஸ்பத்திரியில் மாடு, கொட்டகையில் நோயாளி. நான் இரண்டு இடத்திலும் வேலை பார்த்தேன்.

மாடு வாத்தியாரை ஒரு முறை உதைத்தது, அப்புறம் இன்னொரு முறை. வேறு வழியில்லாமல் பால் கறக்கத் தனக்கொடியையே கூப்பிட்டார். கறந்த பாலில் பாதி அவளுடைய தண்ணீர்க் குடத்தில் வெளியேறியது. வாத்தியார் தாளைப் பார்த்துக் கலங்கிப்போய் என்னைக் கூப்பிட்டார்.

"மாடு இளைக்கலே சிவப்பிரகாசம், பால் மட்டும் பாதியாப் போச்சே. இன்னா நோய்?"

நான் மாட்டின் வயிற்றில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டேன்.

"வெறும் பிண்ணாக்கு அதுக்கு வாய்க்குப் பிடிக்கலியாம் ஐயா. அரிசிக் கஞ்சியும் வெல்லமும் கேக்குது."

அன்றே வாத்தியார் தாளில் புதுக் கட்டம் ஒன்று கிழித்து, 'வாய்' என்று அழகான எழுத்தில் எழுதினார். மறுநாளிலிருந்து மாட்டுக்குக் கஞ்சியும் வெல்லமும் வந்தன. அவை போன இடம் தனக்கொடிக்கும் எனக்கும் தெரியும்.

தை பிறந்ததும் பக்கிரி பெண்டாட்டியையும் பிள்ளையையும் நரம்பைக் குப்பத்துக்கு அழைத்துப் போனான். புறப்படும்போது பிள்ளையை என் கையில் கொடுத்தான். கொஞ்ச நேரம் வைத்திருந்தேன், கை வலித்தது.